ஒரு நாள், ஓர் ஆறு, மூன்று ஊர்: அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போகலாம்?

கரூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். லண்டனில் காட்ட வேண்டியதையெல்லாம் போன தடவையே காட்டியாயிற்று. இந்த முறை அப்பா போனிலேயே கேட்டுவிட்டார்: "அந்த நாட்டுல வயலு, வாய்க்கா, ஊரு எதுவும் கிடையாதா? கட்டடமாவே காட்டிக்கிட்டு இருக்க." அமராவதிக் கரையில் வெள்ளாமை பார்த்தவர், கேட்கத்தான் செய்வார்.

என் திட்டம் இது: ஈஸ்ட் ஹாமிலிருந்து விடியற்காலையில் வாடகைக் கார். லண்டனுக்கு மேற்கே காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியில் பர்ஃபோர்ட், பைபரி, போர்ட்டன், லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர், நேரம் இருந்தால் காஸில் கூம். இரவுக்குள் வீடு. முடியுமா? அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. ஆனால் மேடு பள்ளம் இல்லாவிட்டால் நன்றாக நடப்பார். அம்மா சுத்த சைவம்.

சுருக்குப்பை:

முடியும். காஸில் கூமை மட்டும் விட்டுவிடுங்கள், அது தென்மேற்கே தனியாகக் கிடக்கிறது. பைபரிக்கு ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். ஆர்லிங்டன் ரோ என்கிற கல்வீட்டு வரிசையை எல்லோரும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். பதினான்காம் நூற்றாண்டில் கம்பளி வைக்கக் கட்டிய கொட்டகை, பின்னால் நெசவாளர் வீடுகளாக மாறியது. டூரிஸ்ட் பஸ்கள் வந்து சேர்ந்துவிட்டால் வீடு தெரியாது, தலைகள்தான் தெரியும். போர்ட்டனில் வின்ட்ரஷ் ஆறு ஊர் நடுவிலேயே ஆழமில்லாமல் ஓடும், மேலே குட்டிக் குட்டிக் கல்பாலங்கள். அம்மாவுக்குப் பிடிக்கும். கார் நிறுத்த இடம் தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

தாழம்பூ:

சுருக்குப்பை சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தம்பி, உங்கள் அப்பா கேட்டது அது இல்லையே. ஒரே நாளில் ஐந்து ஊர் என்றால் அவர் ஐந்து கார் நிறுத்துமிடங்களைப் பார்ப்பார், நடுவில் வயல்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். வெள்ளாமை பார்த்த மனிதர் மண்ணில் கால் வைத்து நடக்க வேண்டாமா?

நான் கோல்செஸ்டரில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கூட்டிப்போகிற இடம் டெடம் வேல், ஸ்டூர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. எசெக்ஸுக்கும் சஃபோக்குக்கும் நடுவில் எல்லையாக ஓடுகிற ஆறு அது. கார் தேவையே இல்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ. ஸ்டேஷனிலிருந்தே நடைபாதை இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரையைப் பிடித்துவிடலாம்.

முதல் பகுதி கடலின் வாசனையோடு இருக்கும். ஸ்டூர் கடலில் கலக்கிற முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டவேட் என்ற இடத்தில் ஒரு தடுப்பு கட்டி ஓதநீர் மேலே ஏறாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உப்புத் தண்ணீரும் சேறும் கொக்கு நாரையும், மேலே நல்ல தண்ணீரும் புல்வெளியும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஃபிளாட்ஃபோர்ட். அது ஊர் என்று சொல்வதற்கே சின்னது: ஒரு பழைய மாவு ஆலை, ஒரு கூரை வேய்ந்த வீடு, ஒரு மரப்பாலம், ஒரு மதகு, ஒரு தேநீர்க்கடை. அங்கிருந்து தென்கரையோடு மேய்ச்சல் நிலம் வழியாக மேற்கே நடந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் டெடம். ஒரே நேரான பாதை கிடையாது, ஆறு வளைகிற பக்கமெல்லாம் நீங்களும் வளைய வேண்டும். அங்கே தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம் தெரிய ஆரம்பிக்கும். கிட்டே வருவது போல வந்து மறுபடி மரங்களுக்குப் பின்னால் போய்விடும். டெடமில் சாப்பாடு. திரும்பும்போது பாலம் தாண்டி சஃபோக் பக்கம் ஏறி ஈஸ்ட் பெர்கோல்ட், அங்கிருந்து சரிவில் இறங்கி மறுபடி ஃபிளாட்ஃபோர்ட், ஸ்டேஷன். முழுச் சுற்றும் சுமார் 13 கிலோமீட்டர் வரும்.

முட்டிவலிக்காரருக்கு முழுச் சுற்று வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஃபிளாட்ஃபோர்ட் வரை டாக்ஸி, அங்கிருந்து டெடம் வரை நடை, முடிந்தால் நடந்தே திரும்புவது. நல்ல பகுதியே அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். தரை சமதளம்.

சுருக்குப்பை:

அக்கா, உங்கள் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் நடக்க காட்ஸ்வோல்ட்ஸிலும் இடம் உண்டு. போர்ட்டனிலிருந்து லோயர் ஸ்லாட்டர், அங்கிருந்து ஐ என்கிற சின்ன ஆற்றோடு அப்பர் ஸ்லாட்டர். மொத்தமே நாலு கிலோமீட்டர். அந்த அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரண்டு உலகப் போருக்கும் போன எல்லோரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் இந்த நாட்டில் மிகக் கொஞ்சம். மற்ற கிராமங்களில் பெரும்பாலும் சர்ச் பக்கம் போரில் செத்தவர்கள் பெயர் வெட்டிய கல் நிற்கும், போய்ப் பாருங்கள்.

தாழம்பூ:

அந்த நடை அருமையானது, மறுக்கவில்லை. அதை மட்டும் செய்வதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். காரில் ஐந்து ஊர் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ரயிலில் போவதென்றால் மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், வயதானவர்களோடு அது இழுபறி.

கரூர்க்காரன்:

தாழம்பூ அக்கா, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். மேய்ச்சல் நிலம், வயல் என்கிறீர்கள். அடுத்தவர் நிலத்துக்குள் இப்படி நடந்துபோனால் யாரும் திட்ட மாட்டார்களா? அப்பா முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். ஊரில் வரப்பு தகராறு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

களத்துமேடு:

இதை நான் சொல்கிறேன். நார்விச் பக்கம் விவசாய ஆலோசனை வேலை என்பதால் இந்தப் பாதைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

நிலம் தனியாருடையது. அதன் மேல் நடக்கிற உரிமை பொதுமக்களுடையது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் இங்கே சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுப் போட்டவை இல்லை. வேலைக்கும் சர்ச்சுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் ஆட்கள் நடந்து நடந்து உண்டானவை. 1949-ல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுன்ட்டியும் இவற்றை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. ஒருமுறை பொதுப்பாதை ஆகிவிட்டால், பல வருடம் யாரும் நடக்காமல் புல் முளைத்துப் போனாலும் உரிமை போகாது. முறைப்படி உத்தரவு போட்டு மூடினால்தான் உண்டு.

வயலுக்கு நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளைக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பச் சரிசெய்து தர வேண்டும். வரப்போரப் பாதை என்றால் உழவே கூடாது, அதற்கு ஒன்றரை மீட்டர். பயிரும் பாதை மேல் வளரக்கூடாது. எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கோதுமைக்குள் பாதை மறைந்துபோய் நிற்கிற வயல்களும் உண்டு. அப்போது கவுன்ட்டி கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம்.

வழிக்கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். நாட்டின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இதெல்லாம் பச்சைக் கோடாக இருக்கும். இந்தப் பகுதிக்கு அதில் எக்ஸ்புளோரர் 196 என்ற தாளை வாங்குங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் தீராது.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: உரிமை பாதையின் மேல் மட்டும்தான். பக்கத்து வயலில் இறங்கி ஜமக்காளம் விரித்துப் புளியோதரைப் பொட்டலம் பிரித்தால் அது அத்துமீறல். 2000-ல் வந்த சட்டம் மலை, புதர்நிலம், பொதுமந்தை (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) போன்ற இடங்களில் இஷ்டப்படி சுற்ற அனுமதி தந்தது. சாதாரண வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அது பொருந்தாது. ஸ்காட்லாந்துக் கதை வேறு, அங்கே 2003-ல் வந்த சட்டம் இதைவிட மிகத் தாராளம்.

கரூர்க்காரன்:

மாடுகள் நிற்குமா? அம்மாவுக்குப் பயமில்லை, என் மனைவிக்குத்தான் பயம்.

களத்துமேடு:

நிற்கும். டெடம் புல்வெளிகளில் கோடை முழுக்க மேயும். இளங்காளைகள் கூட்டமாக ஓடிவந்து வட்டம் கட்டிப் பார்க்கும். அது வேடிக்கை பார்ப்பது, முட்ட வருவது இல்லை. ஓடாமல் நிதானமாக நடங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள், தேவைப்பட்டால் பாதையை விட்டுக் கொஞ்சம் சுற்றிப் போங்கள். ஆபத்து பெரும்பாலும் நாய் கூட்டிவருகிறவர்களுக்கு. மாடு துரத்துவது நாயைத்தான். அப்போது கயிற்றை விட்டுவிட வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையைப் பொதுப்பாதை போகும் வயலில் விடக்கூடாது என்று 1981 சட்டமே சொல்கிறது. இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம்.

ஓவியப்பித்தன்:

இவ்வளவு நேரம் பேசிவிட்டு ஒருவரும் ஓவியர் கான்ஸ்டபிள் பெயரைச் சொல்லவில்லை! ஜான் கான்ஸ்டபிள், 1776-ல் ஈஸ்ட் பெர்கோல்டில் பிறந்தவர். ஃபிளாட்ஃபோர்ட் ஆலையும் டெடம் ஆலையும் அவருடைய அப்பாவுக்குச் சொந்தம். பள்ளிக்கூடம் டெடமில். மேலே தாழம்பூ சொன்ன திரும்புகிற பாதைதான் ஏறக்குறைய அவர் பள்ளிக்கு நடந்த பாதை. அந்த டெடம் கோபுரம் அவருடைய படத்துக்குப் படம் எட்டிப்பார்க்கும்.

'தி ஹே வெய்ன்' படத்தை பிஸ்கட் டப்பாவிலாவது பார்த்திருப்பீர்கள். ஆலைக்குளத்துக்குள் ஒரு மரவண்டி நிற்கும், இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வெள்ளை வீடு. அந்த வீடு இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வில்லி லாட் எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்து, மொத்தமே நான்கு இரவுகள்தான் அந்த வீட்டை விட்டு வெளியே தங்கினார் என்று ஒரு கதை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஈரமாக இருக்கிற அந்தப் படத்தை அவர் லண்டனில் உட்கார்ந்து வரைந்தார். பழைய ஸ்கெட்சுகள் கையில் இருந்தன, வண்டி எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் சரியான குறிப்பு இல்லை. ஊரில் இருந்த தம்பி வழியாக ஒரு வண்டியின் கோட்டுப்படத்தை வரவழைத்தார். 1821-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது விற்கவில்லை. 1824-ல் பாரிஸ் போய்த் தங்கப்பதக்கம் வாங்கியது. இப்போது டிரஃபால்கர் சதுக்கத்தில் நேஷனல் கேலரியில் இருக்கிறது, கட்டணம் இல்லை. முதல் நாள் படத்தைக் காட்டிவிட்டு மறுநாள் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போங்கள். மரங்கள் மாறிவிட்டன, குளம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். படத்தில் இல்லாத ஆலை உங்கள் பக்கத்தில் நிற்கும்.

கரூர்க்காரன்:

வண்டியை ஏன் தண்ணீருக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்? அப்பாவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், உடனே பதில் வந்தது: "பட்டா கழண்டிருக்கும், ஊற வெச்சிருக்கான்."

ஓவியப்பித்தன்:

அப்பாவுக்கு ஒரு வணக்கம். இங்கேயும் அப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள்: வெயிலில் சக்கரத்து மரம் சுருங்கி இரும்புப் பட்டா தளரும், தண்ணீரில் நின்றால் மரம் ஊதி இறுகும். வண்டி ஆற்றைக் கடந்து எதிர்க்கரை வயலுக்குப் போகிறது என்பது இன்னொரு கட்சி. வலது ஓரத்தில் தூரத்தில் வைக்கோல் ஏற்றுகிற ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள், பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டி காலி. அங்கேதான் போகிறது என்று நான் நினைக்கிறேன்.

களத்துமேடு:

அந்தப் புள்ளி புள்ளியாகத் தெரிகிற ஆட்களைப் பற்றித்தான் எனக்கு வழக்கு. படம் 1821. அதற்கு மறு வருடம் சஃபோக்கில் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், இரவில் தீவைப்பு நடந்தது. ஊரில் தீ தெரியாத இரவே இல்லை என்று தம்பி எழுதியதாகக் கான்ஸ்டபிளே ஒரு கடிதத்தில் சொல்கிறார். ஈஸ்ட் பெர்கோல்டின் பொதுமந்தையை வேலிகட்டிப் பங்குபோட்டதும் அதற்குச் சில வருடம் முன்னால்தான். ஏழைக்கு ஒரு மாடு மேய்க்க இருந்த நிலம் போனது. இவர் ஆலை முதலாளியின் மகன். நாடாளுமன்றச் சீர்திருத்தத்தையே எதிர்த்தவர். படத்தில் எல்லாம் அமைதி. நாமும் இரண்டு நூற்றாண்டு கழித்துப் போய் "என்ன அமைதி, என்ன அமைதி" என்று படம் பிடித்துக்கொண்டு வருகிறோம்.

தாழம்பூ:

களத்துமேடு சொல்வது முழுக்க உண்மை. ஆனால் கான்ஸ்டபிளை வெறும் அமைதி விற்றவர் என்று சொல்வதையும் ஏற்க மாட்டேன். இதே காலத்தில் மற்றவர்கள் ரோமாபுரி இடிபாடுகளையும் தேவதைகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள். இவர் மதகு, அழுகின பலகை, படகு கட்டுகிற குழி, சுமை இழுக்கிற குதிரை என்று வேலையைத்தான் வரைந்தார். வேலை செய்கிறவனின் முகத்துக்குக் கிட்டே போகவில்லை என்பது வேறு குறை, அது இருக்கிறது.

அந்த ஆறே ஒரு வேலைக்கார ஆறு. 1705-ல் சட்டம் போட்டு ஸ்டூரைப் படகு போகிற மாதிரி ஆக்கினார்கள். சட்பரியிலிருந்து மாவும் தானியமும் செங்கல்லும் கீழே வரும், நிலக்கரி மேலே போகும். இரண்டிரண்டு படகாகக் கோத்துக் குதிரை இழுக்கும். கரையோரப் பாதையில் மாடு தாண்டாதபடி குறுக்கே மரத்தடுப்புகள் வைத்திருந்தார்கள், அதைத் தாண்ட இழுக்கிற குதிரைகளையே பழக்கினார்கள். 1825-ல் வரைந்த 'தி லீப்பிங் ஹார்ஸ்' அந்தக் காட்சி. பாதை கரை மாறுகிற இடத்தில் குதிரையே படகில் ஏறி அக்கரை போகும். ரயில் வந்தபின் இதெல்லாம் படிப்படியாக ஓய்ந்தது. ஃபிளாட்ஃபோர்டில் அவர் 1815-ல் வரைந்த படகு கட்டும் குழியை மண் எடுத்துச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். மதகின் மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் தேநீர் வாங்கப் போகலாம், அவருக்கு நேரம் போவதே தெரியாது.

1970 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. புது வீட்டு மனைகள் வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம், ஓவியத்தின் மகிமை மட்டும் இல்லை.

மட்டைவீரன்:

ஆற்றோரம் வரிசையாக ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கீழ்க்கிளையே இல்லாமல் நட்ட வெள்ளை வில்லோ மரங்களைப் பார்த்தால் நின்று ஒரு கும்பிடு போடுங்கள். அது தோப்புக்கு நட்டது இல்லை, கிரிக்கெட் மட்டைக்கு நட்டது. எசெக்ஸும் சஃபோக்கும்தான் அந்த மரத்துக்குப் பேர்போன இடம். ஈரமண்ணில் பதினைந்து, இருபது வருடத்தில் வெட்டுக்குத் தயாராகிவிடும். தண்டில் துளிர்க்கிற ஒவ்வொரு மொட்டையும் இளசாக இருக்கும்போதே கையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் கணு விழும், கணு விழுந்தால் மட்டை விரிசல் விடும். வெட்டின கட்டை மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் போய் மட்டையாகிறது. சேப்பாக்கத்தில் சிக்ஸர் பறக்கிற மட்டை இந்த ஆற்றோரம் வளர்ந்ததாகவே இருக்கலாம்.

வல்வெட்டியான்:

நான் ஹாரோவில் இருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்த இடம் இது. ஈஸ்ட் பெர்கோல்ட் சர்ச்சைத் தவறவிட வேண்டாம். கோபுரம் கட்ட 1525-ல் தொடங்கினார்கள். கார்டினல் வூல்சி, பக்கத்து இப்ஸ்விச்சில் பிறந்தவர், அவருடைய ஆதரவு இருந்ததாம். அரசர் எட்டாம் ஹென்றியோடு முறுகல் வந்து அவர் விழுந்து 1530-ல் செத்தும் போனார். கோபுரம் அரையில் நின்றுவிட்டது. மணிகளை எங்கே தொங்கவிடுவது? 1531-ல் சர்ச் வளவுக்குள் தற்காலிகமாக ஒரு மரக்கூண்டு கட்டி அதில் வைத்தார்கள். இன்றும் அதில்தான். ஐந்து மணிகள், சேர்த்து நாலு தொன்னுக்கு மேலே. கயிறு கிடையாது, தலைமாட்டுக் கட்டையைக் கையால் தள்ளித்தான் ஆட்டுகிறார்கள். அடிக்கிற ஆள் மணிக்குப் பக்கத்திலேயே நிற்க வேணும், காதுக்கு ஏதும் போட்டால் நல்லது. கான்ஸ்டபிளின் தாய் தகப்பனும் அங்கேதான் அடக்கம்.

நான் பார்த்த மட்டில் இந்தப் பக்கச் சர்ச்சுகள் பகலில் பூட்டாமல்தான் இருக்கின்றன. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருக்கலாம், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டெடம் சர்ச்சுக்குள்ளே கான்ஸ்டபிள் வரைந்த ஒரு கிறிஸ்து படமே இருக்கிறது. நடக்க ஏலாத ஆட்களுக்கு அது நல்ல தங்குமடம்.

சுருக்குப்பை:

சரி, தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் கெட்டதைச் சொல்லவில்லையே. மழை பெய்தால் அந்தப் பாதை முழங்கால் சேறு. பொது விடுமுறை அன்று ஃபிளாட்ஃபோர்ட் தேநீர்க்கடை வரிசை பைபரிக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பிப் போனால் பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள், எனக்கு நடந்தது.

தாழம்பூ:

மூன்றும் உண்மை. அதனால் மே கடைசித் திங்கட்கிழமை விடுமுறையைத் தவிர்த்து, அதே வாரம் பள்ளி விடுமுறையும் இருக்கும் என்பதால் முடிந்தால் அதற்கு முந்தின வாரம், செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள் போங்கள். அந்தச் சமயம் வேலியெல்லாம் ஹாதோர்ன் என்ற முள்மரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பாதையோரம் முழங்கை உயரத்துக்கு வெள்ளைப் பூச்செடி. அதற்குள் செந்தட்டி மாதிரி ஒரு செடியும் இருக்கும், நெட்டில் என்பார்கள். பட்டால் கடுக்கும், அதனால் அம்மா சேலையை விடக் கால் மூடுகிற சுடிதார் நல்லது. ஜூலைக்கு மேல் அது இன்னும் உயரமாகிவிடும். பத்து மணி வரை வெளிச்சம் இருக்காது, ஆனால் ஒன்பது மணிக்கு மேலும் நன்றாகத் தெரியும். அவசரமே வேண்டாம்.

சாப்பாடு: பப்களில் சமையல்கட்டு மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடலாம், ஒரு மணிக்குள் உட்காருங்கள். சைவம் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும், ஆனால் சூப்பில் எந்தச் சாறு என்று கேட்டுவிடுங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனாலும் நல்லதுதான், ஃபிளாட்ஃபோர்டில் உட்கார இடம் இருக்கிறது. கழிப்பறையும் அங்கேயே.

கரூர்க்காரன்:

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா? அப்பா துண்டு எடுத்துக்கொண்டுதான் வருவார்.

களத்துமேடு:

வேண்டாம் என்பேன். பார்க்கச் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் இங்கிலாந்தின் ஆறுகளில் நல்ல சூழல் நிலையில் இருப்பவை 14 சதவீதம்தான் என்று அரசின் சுற்றுச்சூழல் துறையே 2020-ல் சொன்னது. வயலிலிருந்து உரமும் ஊரிலிருந்து கழிவுநீரும் சேர்கிறது. என் தொழிலுக்கும் அதில் பங்கு உண்டு. மழை பெய்த மறுநாள் கண்டிப்பாக வேண்டாம். ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும், அதில் ஏற்றிவிடுங்கள்.

கரூர்க்காரன்:

முடிவு செய்துவிட்டேன். கார் இல்லை, புதன்கிழமை, ரயில். ஃபிளாட்ஃபோர்ட் வரை டாக்ஸி, டெடம் வரை நடை, சாப்பாடு. முட்டி ஒத்துழைத்தால் அப்பாவும் நானும் அதே கரையில் நடந்து திரும்புவோம், அம்மாவும் மனைவியும் படகு. மணிக்கூண்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறோம், வல்வெட்டியான் அண்ணா கோபிக்க வேண்டாம். காட்ஸ்வோல்ட்ஸுக்கு அந்த இரண்டு ஸ்லாட்டர் நடையை மட்டும் செப்டம்பரில் நாங்கள் இருவரும் போகிறோம்.

கடைசியாக அப்பா கேட்கச் சொன்னது: மே மாதம் வயலில் என்ன நிற்கும்? ஏக்கருக்கு என்ன கண்டுமுதல்? அறுப்புக்கு ஆள் கிடைக்கிறதா?

தாழம்பூ:

டாக்ஸியை முதல் நாளே சொல்லிவையுங்கள் தம்பி. சின்ன ஸ்டேஷன், வாசலில் எப்போதும் வண்டி நிற்கும் என்று நம்ப முடியாது. ஷூ பழையதாக இருக்கட்டும். மற்றதைக் களத்துமேடு சொல்வார்.

களத்துமேடு:

ஆற்றை ஒட்டி முழுக்கப் புல், அதில் மாடு. மேட்டு வயல்களில் போன செப்டம்பர், அக்டோபரில் விதைத்த கோதுமை முழங்காலுக்கு மேல் நிற்கும், கதிர் தள்ளுகிற சமயம். பார்லி அதற்கு முன்பே கதிர் விட்டிருக்கும், காற்றில் அலை அடிப்பது அதுதான். கடுகு மாதிரி மஞ்சளாகப் பூக்கிற ரேப் பயிர் அநேகமாகப் பூ முடிந்து காய் பிடித்திருக்கும். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் (சுகர் பீட்) அப்போதுதான் சின்னச் செடி. கோதுமை இந்த நாட்டுச் சராசரி ஹெக்டேருக்கு எட்டு டன் பக்கம், அதாவது ஏக்கருக்கு மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேலே. முழுக்க மானாவாரி என்று சொல்லுங்கள், நம்ப மாட்டார். அறுப்பு ஆகஸ்டில். ஆள் கிடையாது, கம்பைன் மெஷின்தான். சொந்தமாக இல்லாதவர்கள் ஏக்கர் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். மழைக்கு முன்னால் மெஷின் வந்து சேருமா என்ற கவலை இங்கேயும் உண்டு.